விண்ணப்பதாரியைக் காணவில்லை

செல்வமலரின் வாய் பதினேழு வருசமாக வாடகைக்குப் போய்வந்துகொண்டிருந்தது. லண்டனில் இங்கிலிஷ் தெரியாத தமிழருக்கும் தமிழ் தெரியாத அதிகாரிகளுக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு அவளை உட்கார்த்திவிடுவார்கள். அந்தக் கதிரைக்கென்று ஒரு சட்டம் உண்டு. மொழிபெயர்ப்பாளர் எதையும் கூட்டக்கூடாது, எதையும் குறைக்கக்கூடாது, தன் கருத்து என்று ஒன்றை வெளியே விடவே கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றே சொல்லவேண்டும். ஆகவே இந்தப் பதினேழு வருசத்தில் செல்வமலர் வைத்தியர்களிடம் தனக்கு நீரிழிவு என்றும், மூலம் என்றும், புரொஸ்ரேற் வீங்கிவிட்டது என்றும் முறைப்பட்டிருக்கிறாள். நெடுஞ்சாலையில் தொண்ணூறு மைல் வேகத்தில் கார் ஓட்டியதை நீதவானிடம் ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஒரே கிழமையில் இரண்டுதரம் பிள்ளை பெற்றிருக்கிறாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது வேறு விசயம்.

அந்தக் கதிரை அவளுக்குக் குத்தத் தொடங்கியது ஜெயகௌரியின் வீட்டில். ஜெயகௌரி ஈஸ்ட் ஹாமில் ஒரு சேலைக் கடைக்கு மேலே இரண்டு அறையில் குடியிருக்கிறவள், இருபத்தொன்பது வயது, அஜித்தா என்று ஆறு வயதில் ஒரு மகள். இந்த அஜித்தா பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்திருக்கிறாள். யாரும் வாயில் எதையும் வைக்கவில்லை. மூன்றாம் நாள் ஆசிரியை கவுன்சிலுக்கு எழுதினார். கவுன்சில் ஹாரியெட் என்ற சமூகப்பணியாளரை அனுப்பியது. ஹாரியெட் மொழிபெயர்க்கச் செல்வமலரையும் கூட்டிக்கொண்டு படியேறி வந்த நேரம், ஜெயகௌரி சோற்றையும் பருப்பையும் குழைத்து உருட்டி மகளின் வாயில் தீத்திக்கொண்டிருந்தாள்.

ஹாரியெட் கெட்டவர் இல்லை. சப்பாத்தை வாசலில் கழற்றிவைத்தவர்; சிரித்த முகத்தோடு எழுதினார்: 'ஆறு வயதுப் பிள்ளைக்கு உணவுக் கருவிகள் மறுக்கப்படுகின்றன. தாய் உணவைக் கையால் நசுக்குகிறார். பிள்ளை தானாக உண்ணும் உரிமை தொடர்ச்சியாக மீறப்படுகிறது.' எழுதியதை அவரே வாசித்துக் காட்ட, செல்வமலர் அதைத் தமிழில் சொல்ல, ஜெயகௌரியின் கை பாதி உருண்டையோடு நின்றுவிட்டது.

அப்போதுதான் செல்வமலர் வாய் தவறினாள். "இது எங்கள் ஆட்களின் வழக்கம். எனக்குப் பதின்மூன்று வயது வரைக்கும் என் அம்மா தீத்தினவர்," என்று இங்கிலிஷில் சொந்தமாக ஒரு வசனம் சொல்லிவிட்டாள்.

ஹாரியெட் பேனாவை மேசையில் வைத்தார். "மொழிபெயர்ப்பாளர் தன் கருத்தைச் சொல்கிறாரா?" என்று கனிவாகக் கேட்டார்.

"மன்னிக்கவும்," என்றாள் செல்வமலர்.

அந்த வசனம் எழுதப்படவில்லை. எழுதப்பட்டது இது: ஜெயகௌரி பன்னிரண்டு கிழமை 'கரண்டிப் பட்டறை' என்ற பயிற்சிக்குப் போகவேண்டும். ஆறு மாதம் கழித்து, மார்ச்சில் மீளாய்வுக் கூட்டம். முன்னேற்றம் இல்லையென்றால் விசயம் நீதிமன்றத்துக்குப் போகும். நீதிமன்றத்துக்கு அங்கால் என்ன என்று ஜெயகௌரி கேட்டாள். "பிள்ளைக்குப் பொருத்தமான வேறு வீடு," என்றார் ஹாரியெட். செல்வமலர் அதையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னாள். சொல்லும்போது தன் நாக்கை அறுத்து எறியவேண்டும் போல இருந்தது.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதே தீர்மானித்துவிட்டாள். தானே சமூகப்பணியாளர் ஆகிவிடுவது. பதிவுபெற்ற சமூகப்பணியாளர் ஒரு வசனம் சொன்னால் அதை எழுதியே ஆகவேண்டும் என்பது சட்டம். நாற்பத்தேழு வயதில் அவள் கேட்டதெல்லாம் அந்த ஒரு வசனம்தான்.

மகள் சிவரூபினி போனிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டாள். "அம்மா, எந்த யூனி?"

"எதெண்டால் என்ன? டிகிரி டிகிரிதானே. யாழ்ப்பாணத்தில ஒண்டு எடுத்தனான், இஞ்சையும் ஒண்டு எடுப்பம்."

"நோ அம்மா. ஒழுங்குச் சபையின்ர அப்ரூவ்ட் லிஸ்ற்ல இருக்கோணும். இல்லாட்டி டிகிரி கிடைக்கும், றெஜிஸ்ரேஷன் கிடைக்காது. சோசல் வேர்க்கர் எண்டு நீங்க உங்களைச் சொன்னாலே குற்றம்."

இப்படித்தான் செல்வமலர் சமூகப்பணி ஒழுங்குச் சபையின் பட்டியலுக்குள் காலை வைத்தாள். அதற்குள் போனவர்கள் போனபடி வெளியே வருவதில்லை.

முதலில் போனது நியூ கிரசென்ட் பல்கலைக்கழகத்தின் திறந்த நாளுக்கு. கண்ணாடிக் கட்டடம். வாசலில் ஒரு பிள்ளை துணிப்பை கொடுத்தாள். பைக்குள் ஒரு பேனா, ஒரு பிஸ்கற், 'மாற்றம் நீயே' என்று எழுதிய ஒரு காந்தத் துண்டு. மேடையில் பணிப்பாளர் 'சமூக மாற்றத் தலைமைத்துவ முதுகலை' பற்றி நாற்பது நிமிசம் பேசினார். முடிவில் செல்வமலர் கையை உயர்த்தி, இந்தக் கோர்ஸ் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டாள்.

பணிப்பாளர் முகம் மலர்ந்தது. "அருமையான கேள்வி. அங்கீகாரம் என்பது சென்ற நூற்றாண்டின் சொல். நாங்கள் அங்கீகாரத்தைக் கடந்து போய்விட்டோம். எங்களை யாரும் பரிசோதிக்கவில்லை. அதனால் எந்தப் பரிசோதனையிலும் நாங்கள் தவறியதும் இல்லை. எங்கள் பட்டதாரிகளில் தொண்ணூற்றாறு வீதமானோர் ஆறே மாதத்தில் வேலையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை நீங்கள் ஏற்கனவே வாசலில் சந்தித்திருப்பீர்கள். அந்தப் பை நன்றாக இருக்கிறதா?"

பை நன்றாகத்தான் இருந்தது. இன்றைக்கும் செல்வமலர் அதில்தான் வெங்காயம் வாங்குகிறாள்.

இரண்டாவது வோல்ட்டன் கிறீன் பல்கலைக்கழகம். இது பட்டியலில் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் இருந்தது. நட்சத்திரத்துக்கு விளக்கம் கேட்கச் செல்வமலர் ஒழுங்குச் சபைக்குப் போன் எடுத்தாள். 'உங்கள் நலனே எங்கள் அக்கறை' என்று ஒரு குரல் ஐம்பத்திரண்டு நிமிசம் சொல்லிக்கொண்டேயிருந்தது. பிறகு ஓர் அலுவலர் வந்தார்.

"நட்சத்திரம் என்றால் நிபந்தனையோடு கூடிய அங்கீகாரம்," என்றார்.

"என்ன நிபந்தனை?"

"கோர்ஸில் மாணவர்கள் படித்துக்கொண்டிருக்கவேண்டும்."

"மாணவர்கள் எப்போது சேரலாம்?"

"அங்கீகாரம் முழுமையானதும் சேரலாம்."

செல்வமலர் போனைக் காதுக்குக் காது மாற்றினாள். "அப்படியென்றால் அதில் ஒருவரும் எப்போதும் சேரமுடியாதே?"

"அம்மணி," என்றார் அலுவலர். அவர் குரலில் ஒரு பெருமிதம் ஏறியது. "பொதுமக்களைப் பாதுகாப்பதுதான் இந்தச் சபையின் வேலை. வோல்ட்டன் கிறீனில் இதுவரை ஒருவர்கூடப் படிக்கவில்லை. ஆகவே அங்கு படித்த சமூகப்பணியாளரால் ஒரு குடும்பத்துக்குக்கூடத் தீங்கு நேரவில்லை. எங்கள் பட்டியலிலேயே மிகவும் பாதுகாப்பான கோர்ஸ் அதுதான். வேறு கோர்ஸ்களையும் அந்தத் தரத்துக்குக் கொண்டுவரப் பாடுபடுகிறோம்."

மிஞ்சியது லீசைட் பல்கலைக்கழகம். பட்டியலில் உண்டு, நட்சத்திரம் இல்லை, மாணவர்களும் இருந்தார்கள். செல்வமலர் ஆர்ச்வே முருகனிடம் போய் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு விண்ணப்பத்தைத் திறந்தாள்.

லீசைட் பிறப்புச் சான்றிதழ் கேட்டது. சான்றிதழ் தமிழில் இருந்தது. அதற்கு இங்கிலிஷ் மொழிபெயர்ப்பு வேண்டும். செல்வமலர் லண்டன் தமிழர் பாதிப்பேரின் பிறப்பை இங்கிலிஷுக்கு மாற்றியவள்; ஆனால் ஒருவர் தன்னுடைய பத்திரத்தைத் தானே மொழிபெயர்க்கக்கூடாது என்று லீசைட் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நியாயந்தானே. அவள் ஹை ஸ்ட்றீற்றில் நகைக்கடைக்கு மேலே இருக்கிற ஒரு மொழிபெயர்ப்பு நிலையத்தில் அதைக் கொடுத்தாள். நிலையத்துக்காரர் தமிழர்தான், ஆனால் எழுத்து வேலையை ஓர் ஏஜென்சிக்குத் தள்ளிவிடுகிறவர். மூன்றாம் நாள் அந்த ஏஜென்சியிலிருந்து செல்வமலருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: 'அவசர வேலை. பிறப்புச் சான்றிதழ் ஒன்று.' திறந்து பார்த்தால் அவளேதான் கோப்பாய் ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தாள். மொழிபெயர்த்து அனுப்பினாள். அது நிலையத்துக்காரரின் முத்திரையோடு அவளிடமே வந்துசேர்ந்தது. லீசைட் அதை மிகத் திருப்தியோடு ஏற்றுக்கொண்டது.

அடுத்தது தன்விளக்கம். 'உங்கள் சொந்தக் குரலில் எண்ணூறு சொற்களுக்கு மேற்படாமல் எழுதுக.' செல்வமலர் 'நான்' என்று எழுதினாள். அதற்கு மேல் ஓடவில்லை. பதினேழு வருசமாக அவள் சொன்ன 'நான்' ஒன்றும் அவள் இல்லை. நான் என்றவுடன் யாருடைய முழங்காலோ நொந்தது, யாருடைய விசாவோ முடிந்தது. நான்கு நாள் அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் ஜெயகௌரி போன் எடுத்து, "அக்கா, பட்டறையில இண்டைக்கு எங்களுக்குக் கரண்டி பிடிக்கக் காட்டித் தந்தவை. எல்லாரும் கை தட்டினவை. எனக்கு வெக்கத்தில அழுகை வந்திட்டுது," என்றாள். போனை வைத்த கையோடு செல்வமலர் எண்ணூறு சொல்லையும் எழுதி முடித்தாள்.

பெப்ரவரியில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அழைப்பு வந்த மறுநாளே அவளுக்கு வேலை கொடுக்கிற மொழிபெயர்ப்பு ஏஜென்சியிலிருந்து ஷெறோன் என்ற பிள்ளை போன் எடுத்தாள்.

"அக்கா, வியாழக்கிழமை பத்தரைக்கு ஒரு தமிழ் புக்கிங். வாறீங்களோ?"

"எனக்கு ஏலாது பிள்ளை. அந்த நேரம் லீசைட் யூனிவேர்சிற்றியில எனக்கு இன்டர்வியூ."

"ஐயோ, இதும் லீசைட்தான் அக்கா! அப்ப பஸ் செலவும் மிச்சம்."

"எனக்கு ஏலாது எண்டு சொன்னனான்," என்றாள் செல்வமலர்.

வியாழக்கிழமை பத்தேகாலுக்கு அவள் போய் இறங்கியபோது நேர்முகக் குழுவின் தலைவர் கலாநிதி ஹார்ட்விக் தாழ்வாரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நேர்முகக் குழுவில் சமூகசேவையைப் பெற்று அனுபவப்பட்ட ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும் என்பது சபையின் விதி. அவருக்கு 'அனுபவ வல்லுநர்' என்று பெயர். அவர் கேள்வி கேட்டு, ஐந்துக்குப் புள்ளியும் போடவேண்டும். அவர் இல்லாமல் நடக்கும் நேர்முகம் செல்லாது. இன்றைய வல்லுநர் தில்லையம்பலம் என்ற எழுபத்துநான்கு வயது ஐயா. அவருக்கு இங்கிலிஷில் தெரிந்தது 'தாங்க்யூ' மட்டும். மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் கிடைக்கவில்லை.

"நீங்கள் தமிழா?" என்று கேட்டார் ஹார்ட்விக். கேட்கும்போதே அவர் கண்ணில் ஒரு வெளிச்சம்.

"நான் விண்ணப்பதாரி."

"அது தெரியும். இன்றுதான் கடைசி நாள். இன்று நடக்காவிட்டால் அடுத்த வருசம்தான். நாங்கள் நெகிழ்வான நிறுவனம், செல்வமலர். உங்கள் நேர்முகத்துக்கு நீங்களே மொழிபெயர்ப்பதில் எங்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை."

பிறப்புச் சான்றிதழுக்கு இருந்த ஆட்சேபம் எங்கே போயிற்று என்று செல்வமலர் கேட்கவில்லை. அடுத்த வருசம் என்ற சொல் அவள் வாயை அடைத்துவிட்டது.

நலமுரண் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விண்ணப்பதாரியும் மொழிபெயர்ப்பாளரும் ஒருவருக்கொருவர் முன்பின் அறிமுகமில்லாதவர்கள் என்று இரண்டு இடத்தில் கையெழுத்து வேண்டும். தன்விளக்கம் எழுதிய நான்கு நாளை நினைத்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. இரண்டு இடத்திலும் போட்டாள். கழுத்தில் மாட்ட விண்ணப்பதாரிக்குப் பச்சை அட்டை, மொழிபெயர்ப்பாளருக்கு மஞ்சள் அட்டை. உட்காருவதற்கும் இரண்டு கதிரை. "குழப்பம் வரக்கூடாது பாருங்கள். ஆளுக்கேற்ற அட்டை, அட்டைக்கேற்ற கதிரை," என்றார் ஹார்ட்விக். "இன்னொன்று. விண்ணப்பதாரி யாரென்று மொழிபெயர்ப்பாளர் வல்லுநருக்குச் சொல்லக்கூடாது. அவருடைய தீர்ப்பில் நாங்கள் தலையிட்டதாக ஆகிவிடும்."

அறைக்குள் ஹார்ட்விக்கும், தட்டச்சு அடிக்க ஒரு கவுன்சில் பிரதிநிதியும், சாளரத்தோரம் தில்லையம்பலமும் இருந்தார்கள். இவளைக் கண்டதும் ஐயாவின் முகம் விரிந்தது. "அட, நீயோ பிள்ளை! நல்லதாப் போச்சு." நான்கு வருசமாக அவருடைய முழங்கால், சர்க்கரை, வீட்டு விண்ணப்பம் எல்லாம் இவள் வாயால்தான் போயிருந்தன.

ஹார்ட்விக் முதலில் ஓர் உரை ஆற்றினார். "இந்த அறையில் அதிகாரம் எங்களிடம் இல்லை. அது ஐயாவின் கையில் இருக்கிறது. அவர் என்ன கேட்கவேண்டும் என்பதை நாங்கள் ஆறு பேர் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதி, இதோ அவர் கையிலேயே கொடுத்திருக்கிறோம்."

தில்லையம்பலம் கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில என்ன எழுதியிருக்கு, பிள்ளை?"

செல்வமலர் மஞ்சள் அட்டையோடு அதைத் தமிழில் சொன்னாள். அவர் அதை அவளிடமே தமிழில் கேட்டார். அவள் குழுவுக்கு அதை இங்கிலிஷில் சொன்னாள். பிறகு எழுந்து, அட்டையை மாற்றி, பச்சைக் கதிரையில் இருந்து இங்கிலிஷில் பதில் சொன்னாள். மறுபடி எழுந்து, மஞ்சளை மாட்டி, அந்தப் பதிலை ஐயாவுக்குத் தமிழில் சொன்னாள். ஒரு கேள்விக்கு இரண்டுதரம் எழும்பி இருக்கவேண்டியிருந்தது.

இரண்டாம் கேள்வியில் தில்லையம்பலம் குனிந்து மெதுவாகக் கேட்டார். "பிள்ளை, நீ ஏன் கதிரை மாறி மாறி இருக்கிறாய்? மூலமோ?"

அறையில் சொல்லப்படுவது எல்லாம் மொழிபெயர்க்கப்படவேண்டும். செல்வமலர் குழுவைப் பார்த்து, "நீங்கள் ஏன் கதிரை மாறி மாறி இருக்கிறீர்கள்? மூலமா?" என்று இங்கிலிஷில் சொன்னாள்.

ஹார்ட்விக் கையை உயர்த்தினார். "உடல்நலம் பற்றிய கேள்விக்கு விண்ணப்பதாரி பதில் சொல்லத் தேவையில்லை. சமவாய்ப்புச் சட்டம்." பிரதிநிதி அதைத் தட்டச்சில் அடித்தார்.

மூன்றாம் கேள்வி, 'அதிகாரத்தை நீங்கள் எதிர்த்து நின்ற ஒரு சம்பவத்தைக் கூறுக.' பச்சைக் கதிரையில் இருந்து செல்வமலர் அஜித்தாவின் கதையைப் பெயர் சொல்லாமல் சொன்னாள். ஒரு தாய், ஒரு சோற்று உருண்டை, தான் சொன்ன ஒரு வசனம், பிறகு மன்னிப்புக் கேட்டது. மஞ்சள் கதிரைக்கு வந்து அதையே தமிழில் சொன்னாள்.

தில்லையம்பலம் தலையை ஆட்டினார். "ஆர் பிள்ளை உந்தப் பொம்பிளை? பாவம், நல்ல மனுசி போல இருக்கு. இன்னும் வரேல்லையோ?"

அதையும் மொழிபெயர்த்தாள். "வல்லுநர் உருவகமாகப் பேசுகிறார்," என்றார் ஹார்ட்விக் பரவசத்தோடு.

கடைசியாக, வல்லுநர் தன் சொந்தக் கேள்வி ஒன்று கேட்கலாம் என்றார்கள். அதற்கு இரண்டு நிமிசம் ஒதுக்கியிருந்தார்கள். தில்லையம்பலம் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"நாலு வருசத்தில எனக்குப் பதினொரு சோசல் வேர்க்கர் வந்தவை. ஒவ்வொருத்தரும் பேரைக் கேட்டவை, பிறந்த திகதியைக் கேட்டவை, என்ன சாப்பாடு பிடிக்கும் எண்டு கேட்டவை. திரும்பி ஒருத்தரும் வரேல்லை. அடுத்தமுறை புது ஆள், பிறகும் பேர், பிறந்த திகதி. எனக்கு ஒண்டு கேக்கோணும். வாறவை திரும்பி வருவினமோ?" அவர் செல்வமலர் பக்கம் திரும்பினார். "உண்மையைச் சொன்னால், பதினொருதரமும் திரும்பி வந்தது நீ ஒராள்தான், பிள்ளை."

வாடகை வாய் வேலை செய்தது. கடைசி வசனம் வரைக்கும் ஒன்றும் விடாமல் இங்கிலிஷில் சொன்னாள்.

"இந்த 'நீ' யார்?" என்று ஹார்ட்விக் கேட்டார்.

இங்கேதான் அவள் வாயைத் திறந்திருக்கவேண்டும். 'அது நான். விண்ணப்பதாரியும் நான்' என்று ஒரு வசனம். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவு அலைச்சலும். கழுத்தைக் குனிந்து பார்த்தாள். மஞ்சள் அட்டை தொங்கியது. பதினேழு வருசப் பழக்கம் பிடரியில் கை வைத்தது. "மொழிபெயர்ப்பாளர் விளக்கம் சொல்லக்கூடாது," என்றாள்.

"மெச்சத்தக்க நடுநிலை," என்றார் ஹார்ட்விக். "விண்ணப்பதாரிக்கு ஐந்துக்கு எத்தனை புள்ளி என்று ஐயாவிடம் கேளுங்கள்."

கேட்டாள். தில்லையம்பலம் கதவைப் பார்த்தார், சாளரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "என்ன பிள்ளை பகிடியோ? நான் இன்னும் ஆளைக் காணேல்லையே."

"விண்ணப்பதாரியை நான் காணவில்லை," என்று செல்வமலர் இங்கிலிஷில் சொன்னாள். கவுன்சில் பிரதிநிதி அதை எழுத்துக்கு எழுத்து அடித்துக்கொண்டார்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. சிவரூபினிதான் உரக்க வாசித்தாள். 'உங்கள் பதில்களில் தாங்கள் தென்படவில்லை என அனுபவ வல்லுநர் ஆழமாக உணர்ந்துள்ளார். அதிகாரத்தை எதிர்த்த சம்பவம் தங்கள் மன்னிப்போடு முடிவடைகிறது. ஆகவே இம்முறை இடமளிக்க இயலவில்லை. அன்றைய மொழிபெயர்ப்பாளரைக் குழு ஒருமனதாகப் பாராட்டியது. திரும்பத் திரும்ப வருபவர், நம்பிக்கைக்குரியவர், சேவை பெறுவோரின் அன்பைப் பெற்றவர். சமூகப்பணிக்குத் தேவையான அத்தனை குணங்களும் அவரிடம் இருந்தன. தாங்கள் ஒரு வருசம் அத்தகைய ஒருவரின் பக்கத்திலிருந்து கற்றுவிட்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம்.'

"அம்மா, திஸ் இஸ் யூ!" என்று சிவரூபினி கத்தினாள். "அப்பீல் பண்ணுங்கோ!"

செல்வமலர் மேன்முறையீட்டு விதியை வாசித்தாள். விண்ணப்பதாரி, தனக்கு அறிமுகமில்லாத, குழுவிலும் சேராத ஒரு நேரடிச் சாட்சியின் கடிதத்தை இணைக்கவேண்டும். அன்று அறையில் இருந்த அப்படியான ஆள் ஒருவர்தான். அவர்தான் மொழிபெயர்ப்பாளர், கையெழுத்தும் இருக்கிறது. கடிதத்தை மடித்து நியூ கிரசென்ட் பைக்குள் வெங்காயத்தோடு போட்டாள். அன்று பின்னேரம் ஷெறோன் போன் எடுத்து, லீசைட் தங்கள் நேர்முகம் எல்லாவற்றுக்கும் இவளையே கேட்கிறார்கள் என்று சந்தோசமாகச் சொன்னாள். செல்வமலர் போனை வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

மார்ச் பதினெட்டாம் திகதி மீளாய்வுக் கூட்டம். அதே ஹாரியெட், அதே கனிவு, மேசையில் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டி. ஜெயகௌரி கரண்டிப் பட்டறைச் சான்றிதழைப் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து மார்போடு பிடித்திருந்தாள். செல்வமலர் நடுக் கதிரையில்.

"பள்ளிக்கூடத்தில் அஜித்தா கரண்டியால் சாப்பிடுகிறாள். மகிழ்ச்சி," என்றார் ஹாரியெட். "வீட்டில் இன்னும் கையால் ஊட்டுகிறீர்களா?"

செல்வமலர் தமிழில் சொன்னாள். ஜெயகௌரி சான்றிதழை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அக்கா, நான் இப்ப என்னத்தைச் சொல்ல? ஓம் எண்டால் பிள்ளையைக் கொண்டுபோயிடுவினம். இல்லை எண்டு பொய் சொல்ல எனக்கு வராதே அக்கா."

சட்டப்படி இதையும் மொழிபெயர்க்கவேண்டும். செல்வமலர் மொழிபெயர்க்கவில்லை.

"ஜெயகௌரி, நான் சொல்லுறதைக் கேள்," என்றாள் தமிழில், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "நீ இவவைப் பாத்துக்கொண்டு வாய் மூடாமல் கதை. நிப்பாட்டாதை. மிச்சத்தை நான் பாக்கிறன்."

"என்னத்தை அக்கா கதைக்கிறது?"

"வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமானைச் சொல்லு."

ஜெயகௌரி ஹாரியெட்டின் கண்ணை நேரே பார்த்தாள். "தேங்காய்ப்பால் மா ரெண்டு பக்கற்," என்று தொடங்கினாள். "மைசூர்ப் பருப்பு ஒரு கிலோ. நெத்தலிக் கருவாடு. செத்தல் மிளகாய் முடிஞ்சுது…"

"நான் என் மகளுக்குக் கையால்தான் ஊட்டுகிறேன்," என்று செல்வமலர் இங்கிலிஷில் தொடங்கினாள். "பள்ளிக்கூடத்தில் அவள் கரண்டியால் சாப்பிடட்டும், எனக்கு அதில் சந்தோசம். வீட்டில் அந்தப் பத்து நிமிசம் எங்களுக்கு வேண்டும். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில்தான் அவள் அன்றைக்கு நடந்ததெல்லாம் சொல்வாள். யார் தள்ளிவிட்டது, யார் கூட விளையாடவில்லை, எல்லாம். அவளுக்கு ஒரு பயம் இருந்தால் சோறு இறங்காது. அது என் கைக்குத்தான் முதலில் தெரியும். உங்கள் படிவத்தில் 'பிள்ளையின் குரல் கேட்கப்பட்டதா' என்று ஒரு பெட்டி இருக்கிறது. எங்கள் வீட்டில் அதைக் கேட்கிற நேரம் அதுதான்."

"…சீரகம், கறிவேப்பிலை ஒரு பிடி, வெங்காயம்," என்று ஜெயகௌரி போய்க்கொண்டிருந்தாள்.

"ஆறு மாதமாக நாங்கள் கருவிகளைப் பற்றிப் பேசுகிறோம். ஏன் ஊட்டுகிறாய் என்று நீங்கள் ஒருதரமும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நான் கெட்ட தாய் இல்லை. எனக்கு இங்கிலிஷ் தெரியாது, அவ்வளவுதான்."

ஜெயகௌரி பட்டியலின் கடைசிக்கு வந்திருந்தாள். "பிறகு, அஜித்தாவுக்கு… அவளுக்குப் பிடிச்ச இஞ்சி பிஸ்கற்…" என்றதும் குரல் உடைந்து, முகத்தைச் சான்றிதழால் மூடிக்கொண்டாள்.

ஹாரியெட் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். தானும் ஒன்றை உருவிக்கொண்டார். நெடுநேரம் எழுதினார். எழுதியதை வழக்கம்போல வாசித்தும் காட்டினார்: 'தாய் இன்று முதன்முறையாகத் தெளிவாகவும் துணிவாகவும் தன் குரலில் பேசினார். உணவு நேரம் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே பாதுகாப்பான உரையாடல் நேரம் எனக் காணப்படுகிறது. கவலைக்கு இடமில்லை. கோப்பு மூடப்படுகிறது. இந்த முன்னேற்றம் கரண்டிப் பட்டறையின் வெற்றிக்குச் சான்று; பட்டறையை மற்றைய குடும்பங்களுக்கும் விரிவுபடுத்தப் பரிந்துரைக்கிறேன்.'

கோப்பு மூடப்படுகிறது என்பதைத் தமிழில் சொன்னபோது ஜெயகௌரி மேசைக்குக் கீழே செல்வமலரின் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் செல்வமலரின் மோதிரம் அழுந்தியது.

ஹாரியெட் படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "உங்களுக்கும் நன்றி," என்றார் செல்வமலரிடம். "முதல் நாள் உங்களைப்பற்றி எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அன்று இந்தப் பக்கத்தில் உங்களிடம் கையெழுத்தே வாங்கவில்லை. இன்று அருமை. நீங்கள் அறையில் இருப்பதே எனக்குத் தெரியவில்லை."

கீழே ஒரு வரி இருந்தது. 'மொழிபெயர்ப்பாளர் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.' பக்கத்திலிருந்த பெட்டியில் ஹாரியெட் சரி போட்டு, பேனாவை நீட்டினார். பதினேழு வருசமாக அந்த வரிக்குக் கீழே செல்வமலர் போட்ட கையெழுத்தெல்லாம் உண்மை. இன்றைக்குப் போட்டதுதான் முதல் பொய். அழுத்தி, முழுப்பெயரையும் எழுதினாள்.